பெயரன் கப்பல்கள்

1982 ஏப்ரலில் எனக்குப் பத்து வயது. மட்டக்களப்புக் கல்லடியில் அம்மப்பா வீட்டு விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை கிடந்தது. அதன் கைப்பிடியில் வானொலியை வைத்துக்கொண்டு அவர் பின்னேரச் செய்தி கேட்பார். ஒரு நாள், போக்லாந்துத் தீவுகளை அர்ஜென்டினாவிடமிருந்து மீட்கப் பிரித்தானியக் கப்பல்கள் புறப்பட்டுவிட்டன, தலைமைக் கப்பல் ஹெர்மீஸ் என்று செய்தியில் வந்தது. அம்மப்பா ஒலியைக் குறைத்தார்.

“ஹெர்மீஸ் எங்க மனே போறது? அது நம்மட கடலுக்குள்ள கிடக்குதே.”

கையை நீட்டிக் கிழக்கே காட்டினார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தாண்டினால் கடல்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அடியில் கிடந்த கப்பல் எழும்பி, நீர் வடிய வடிய, உலகத்தின் மறுகோடிக்குச் சண்டை பிடிக்கப் போகிறதென்றே நினைத்தேன். விடிந்ததும் அம்மப்பாவிடம் கேட்டேன். அவர் புட்டைப் பிசைந்தபடி என்னைத் திருப்பிக் கேட்டார்.

“உனக்கு ஆர்ர பேர் வச்சிருக்கு?”

“உங்கட அப்பாட பேர்.”

“அவர் செத்து முப்பது வருசம். நீ இஞ்ச இருந்து புட்டுத் தின்னுறாய். அது மாதிரித்தான் இதுவும்.”

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று பிறகு தமிழ் வாத்தியார் சொல்லித் தந்தார். பாட்டனின் பெயரைச் சுமக்கிறவன் பெயரன். பிரித்தானியக் கடற்படை கப்பல்களுக்குப் பெயர் வைக்கும் முறையை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ஒரு கப்பல் மூழ்கும், எரியும், அல்லது உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகும். பெயர் மட்டும் கொஞ்சக் காலம் சும்மா இருக்கும். பிறகு எங்கோ ஒரு கட்டுதளத்தில் இன்னொரு கப்பல் அதைச் சூடிக்கொண்டு நீரில் இறங்கும். மன்னர்களுக்கென்றால் எட்டாம் ஹென்றி, ஆறாம் ஜோர்ஜ் என்று எண் போடுகிறார்கள். கப்பல்களுக்கு எண் கிடையாது. எல்லாமே வெறும் ஹெர்மீஸ். எந்த ஹெர்மீஸ் என்று சொல்ல வேண்டுமானால் நீரில் இறக்கிய ஆண்டைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரே காலத்தில் இரண்டு கப்பல் ஒரு பெயரில் ஓடக் கூடாது என்பது மட்டும்தான் கண்டிப்பு.

அம்மப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அவர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் கிளாக்கர் வேலை பார்த்தவர். அங்கேயும் ஒரு பெயர்க் குழப்பம். “நான் ஹைஃப்ளையரில இருந்தனான்” என்று அடிக்கடி சொல்வார். சின்ன வயதில் நான் அவரைப் பெரிய மாலுமி என்று பள்ளிக்கூடத்தில் பீற்றியிருக்கிறேன். ஹைஃப்ளையர் என்பது கரையில் இருந்த தளம். அலுவலகம், பண்டகசாலை, குடியிருப்பு எல்லாம் சேர்ந்த நிலப்பரப்பு. கடற்படைச் சட்டப்படி ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கப்பலின் ஏட்டில் பதிவாகியிருக்க வேண்டும் என்பதால், கரையில் இருக்கும் தளங்களுக்கும் கப்பல் பெயரே வைப்பது அவர்கள் வழக்கம். இவற்றைக் ‘கல் கப்பல்’ என்று மாலுமிகள் கேலி செய்வார்களாம். அந்தக் கல் கப்பலுக்கு முன்பு அதே பெயரில் உண்மையான ஒரு கப்பல் இருந்தது: 1898இல் நீரில் இறங்கிய ஹைஃப்ளையர் என்ற போர்க்கப்பல். அதே வார்ப்பில் அதே ஆண்டு இறங்கிய உடன்பிறப்பின் பெயர்தான் ஹெர்மீஸ். அம்மப்பா தன் சம்பளப் புத்தகத்தில் ஒரு கப்பலின் பெயரையும், தன் வீட்டு வாசலுக்கு நேரே கடலடியில் அதன் உடன்பிறப்பின் பெயரையும் வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். 1957இல் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தபோது அவர் கல்லடிக்கே திரும்பி வந்தார்.

ஹெர்மீஸ் குடும்பத்தின் முதல் ஆள் இங்கிலாந்தில் பிறந்ததே இல்லை. 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து ஒரு சின்னப் பாய்மரக் கப்பலைப் பிடித்தார்கள். அதன் பெயர் மெர்குரியஸ். உரோமர்களுக்கு மெர்குரி யாரோ அவரே கிரேக்கர்களுக்கு ஹெர்மீஸ். செருப்பில் சிறகு முளைத்த தூதுத் தேவன். சிறைபிடித்த கப்பலின் பெயரை உரோமத்திலிருந்து கிரேக்கத்துக்கு மாற்றித் தங்கள் ஏட்டில் பதிந்துகொண்டார்கள். எதிரியின் தெய்வத்தை இடம்பெயர்த்துத் தன் ஊரில் குடிவைக்கும் பழைய அரசர்களின் வேலை போலத்தான் இது. அந்த முதல் ஹெர்மீஸ் அடுத்த ஆண்டே கடலில் மூழ்கிப்போனது.

அதன்பின் இரண்டு ஹெர்மீஸ்கள் சத்தமில்லாமல் வந்து, விற்கப்பட்டுப் போயின. 1811இல் இறங்கியது சத்தத்தோடு போனது. 1814 செப்டெம்பரில் அமெரிக்காவின் மொபில் விரிகுடாவில் ஒரு மண்கோட்டையைத் தாக்கும்போது தரைதட்டி, எதிரியின் பீரங்கிக்கு நேரே மாட்டிக்கொண்டது. கப்பல் தலைவன் வில்லியம் பெர்சி காயம்பட்டவர்களை இறக்கிவிட்டுத் தானே தன் கப்பலுக்குத் தீ வைத்தான். தீ வெடிமருந்து அறைக்குப் போனதும் வெடித்துச் சிதறியது.

குடும்பத்தில் எனக்குப் பிடித்த ஆள் 1835இல் இறங்கிய துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல். இரண்டு பக்கமும் பெரிய சக்கரம், நடுவில் புகைபோக்கி, போதாததற்குப் பாயும் உண்டு. பழசும் புதுசும் சண்டை போட்டுக்கொண்டே ஓடிய காலத்துக் கப்பல். 1852இல் பர்மாப் போருக்குப் போனது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் யாங்சி ஆற்றில் ஏறி நான்கிங் வரை போய், அப்போதுதான் அந்நகரைப் பிடித்திருந்த தைப்பிங் கிளர்ச்சிக்காரர்களிடம் ஹொங்கொங் ஆளுநர் ஜோர்ஜ் பொன்ஹாமைக் கொண்டு சேர்த்தது. கிளர்ச்சித் தலைவர் தன்னை ஏசுவின் தம்பி என்று சொல்லிக்கொண்டவர். அப்படிப்பட்டவர்களிடம் பேச்சுவார்த்தைக்குத் தூது போன கப்பலுக்குத் தூதனின் பெயரே அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

1898இன் ஹெர்மீஸில்தான் இந்தப் பெயர் வானத்தோடு உறவு கொண்டது. 1913இல் அதன் முன்தளத்தில் மேடை கட்டி, மிதவை விமானங்களை ஏற்றிச் சோதித்துப் பார்த்தார்கள். கப்பலிலிருந்து விமானம் என்பது அப்போது பைத்தியக்கார யோசனை. போர் தொடங்கியதும் விமானங்களைப் பிரான்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை கொடுத்தார்கள். 1914 அக்டோபர் 31 அன்று டோவர் நீரிணையில் யு-27 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது.

பெயர் மூன்று ஆண்டுகள்தான் சும்மா இருந்தது. 1917இல், விமானங்களுக்காகவே வரைந்து, விமானங்களுக்காகவே கட்டும் ஒரு கப்பலுக்கு உத்தரவு போட்டபோது அதை எடுத்துக் கொடுத்தார்கள். அதற்குமுன் இருந்தவை எல்லாம் வேறு கப்பலாகப் பிறந்து விமானந்தாங்கியாக மாற்றப்பட்டவை. விமானந்தாங்கியாகவே கருவானது ஹெர்மீஸ்தான் முதல். 1918இல் அடிமரம் வைத்து, 1919 செப்டெம்பரில் நீரில் இறக்கினார்கள். போர் முடிந்துவிட்டதால் ஒருவருக்கும் அவசரமில்லை. வேலை இழுபட்டு 1924இல்தான் சேவைக்கு வந்தது. கல்லடிப் பாலமும் அதே 1924இல்தான் திறந்தது. அம்மப்பா இதைச் சொல்லும்போது ஏதோ இரண்டுக்கும் ஒரே சாதகம் என்பதுபோலச் சொல்வார்.

அந்த இழுபறிக்குள் ஜப்பான் முந்திக்கொண்டது. 1920இல் தொடங்கி 1922இல் ஹோஷோ என்ற விமானந்தாங்கியை முடித்தே விட்டார்கள். ஆகவே முதலில் வரையப்பட்டது ஹெர்மீஸ், முதலில் முடிந்தது ஹோஷோ. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. 1921இல் செம்பில் என்ற பிரித்தானிய விமானி ஒரு குழுவோடு ஜப்பானுக்குப் போய், அவர்களின் கடற்படைக்கு விமானத் தாக்குதல் கலையைக் கற்றுக்கொடுத்தார். கடலில் போகும் கப்பலை மேலிருந்து எப்படி அடிப்பது என்ற பாடமும் அதில் அடக்கம். இருபத்தொரு ஆண்டு கழித்து மாணவர்கள் பாடத்தை ஒப்புவிக்க மட்டக்களப்புக் கடலுக்கு வந்தார்கள்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பு தாக்கப்பட்டது. நாலு நாள் கழித்துத் திருகோணமலை. அங்கே நின்ற ஹெர்மீஸை முதல் நாள் இரவே வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். துறைமுகத்தில் கட்டிக் கிடந்தால் அடிவிழும், கடலில் இருந்தால் தப்பும் என்பது கணக்கு. துணைக்கு வாம்பயர் என்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல். இரண்டும் கரையோரமாகத் தெற்கே போயின. 9ஆம் தேதி காலை ஹருனா என்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் வேவு விமானம் அவற்றைக் கண்டுவிட்டது.

விமானந்தாங்கியாகவே வரையப்பட்ட உலகத்தின் முதல் கப்பலில் அன்றைக்கு ஒரு விமானம்கூட இல்லை. அதன் ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் திருகோணமலைச் சீனக்குடா விமானத்தளத்தில் நின்றன. திரும்பித் துறைமுகத்துக்கே வா என்று கட்டளை வந்து, கப்பல் வடக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்து காவலுக்கு விமானம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தது ஜப்பானின் கவிழ்ந்து பாயும் குண்டுவீச்சு விமானங்கள். பத்தரை மணிபோலத் தொடங்கியது; பதினொன்றுக்கு முன்பே ஹெர்மீஸ் கடலில் இல்லை. கப்பல் தலைவர் ஒன்ஸ்லோவோடு 307 பேர் இறந்தார்கள். பிறகு வாம்பயரையும் இரண்டாக உடைத்தார்கள். அந்த வழியே வந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் சுமார் அறுநூறு பேரைக் கடலிலிருந்து அள்ளிக் கொழும்புக்குக் கொண்டுபோனது.

அம்மப்பாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. முதலில் இடி என்று நினைத்தார்களாம். சித்திரை மாதத்துக் காலை வெயிலில் என்ன இடி என்று கடற்கரைக்கு ஓடியபோது வடக்கே கடலின் மேல் புகை நின்றது. “நேரா நிண்டது, தென்னை மரம் மாதிரி. காத்தே இல்ல” என்பார். எத்தனை முறை சொன்னாலும் தென்னை மரம் மாறாது. அதனால்தான் அதை நான் நம்புகிறேன்.

இனிப் பெயரின் கதை. போர்க்காலத்தில் தொடங்கிய ஒரு புதிய விமானந்தாங்கிக்கு ஹெர்மீஸ் என்று பெயர் குறித்திருந்தார்கள். 1945இல் அந்தக் கப்பலைக் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் பெயரைக் கைவிட மனமில்லை. அதே வகையில் 1944 முதல் பாரோ நகரில் வளர்ந்துகொண்டிருந்த இன்னொரு கப்பலைத் தேடிப்பிடித்தார்கள். அதற்கு ஏற்கெனவே எலிஃபன்ட் என்று பெயர் இருந்தது. யானையை எடுத்துவிட்டுத் தூதனை வைத்தார்கள். 1953இல் சேர்ச்சிலின் மனைவி கிளமென்டைன் அதை நீரில் இறக்கினார். சேவைக்கு வந்தது 1959 நவம்பரில். ஆஸ்திரேலியாவும் மறக்கவில்லை: புதிய வாம்பயர் என்ற நாசகாரியை அவர்கள் சேவையில் சேர்த்தது அதே 1959 ஜூனில். எங்கள் கடலில் ஒரே காலையில் செத்த இரண்டு பெயர்கள் ஒரே ஆண்டில் மறுபடி பிறந்தன. அந்த வாம்பயர் இன்று சிட்னியில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

சாவைக் கண்டு பெயரை ஒதுக்குவது நம் வீடுகளில் உண்டு. குழந்தை இறந்த வீட்டில் அடுத்த பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்க மாட்டார்கள். கடற்படைக்காரர்களுக்கும் அந்தக் கூச்சம் இருந்திருக்கிறது. கடற்படைத் தளபதி நெல்சன் செத்த விக்டரி கப்பலை எல்லோருக்கும் தெரியும். அதற்கு அந்தப் பெயரை வைக்கும்போது தயங்கினார்கள், ஏனென்றால் அதற்கு முந்தைய விக்டரி 1744இல் ஆங்கிலக் கால்வாயில் ஏறக்குறைய 1,100 பேரோடு ஒருவர்கூட மிஞ்சாமல் மூழ்கியிருந்தது. தயங்கிவிட்டு, வைத்தேவிட்டார்கள்.

கூச்சமே படாத பெயர் என்றால் இன்வின்சிபிள். யாராலும் வெல்ல முடியாதது என்று பொருள். முதல் இன்வின்சிபிள் 1747இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடிக்கப்பட்டது, அதாவது அந்தப் பெயரோடு இருக்கும்போதே தோற்ற கப்பல். அதைப் பெயரும் மாற்றாமல் சேர்த்துக்கொண்டார்கள். 1758இல் தரைதட்டிப் போனது. அடுத்தது 1801இல் நோர்ஃபோக் கரைக்கு வெளியே மணல்திட்டில் ஏறி நானூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இன்னொன்று வேறு பெயர் மாற்றப்பட்டு, கட்டி இழுத்துப் போகும்போது 1914இல் மூழ்கியது. பெயர் மாற்றியும் விடவில்லை! 1907இல் இறங்கியது 1916இல் ஜட்லண்ட் சண்டையில் நடுவில் வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பிழைத்தது ஆறு பேர். இவ்வளவுக்கும் பிறகு 1977இல் ஒரு விமானந்தாங்கியை இன்வின்சிபிள் என்று சொல்லி இறக்கினார்கள். அது போக்லாந்துக்கு ஹெர்மீஸின் பக்கத்திலேயே போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தது. என் அம்மா கேட்டால் கண்ணூறு கழிந்துவிட்டது என்பார்.

பெயருக்காகச் சண்டை பிடித்ததும் உண்டு. 1588இல் ஸ்பானியப் படையை எதிர்த்த தலைமைக் கப்பல் ஆர்க் ரோயல். அந்தப் பெயர் அதன்பின் முன்னூறு ஆண்டு தூங்கியது. 1914இல் எழுப்பி ஒரு மிதவை விமானக் கப்பலுக்குக் கொடுத்தார்கள். 1930களில் பெரிய விமானந்தாங்கி ஒன்றுக்கு அது தேவைப்பட்டதும், உயிரோடு ஓடிக்கொண்டிருந்த பழைய கப்பலின் பெயரைப் பிடுங்கி அதைப் பெகாசஸ் ஆக்கிவிட்டார்கள். பேரன் பிறக்கப்போகிறான் என்று பாட்டனின் பெயரை மாற்றிய கதை! அந்தப் பேரன் 1941 நவம்பரில் ஜிப்ரால்டர் அருகே மூழ்கியபோது இறந்தது ஒரே ஒரு மாலுமி. பிறகும் இரண்டு ஆர்க் ரோயல்கள் வந்தன. கடைசிக் கப்பலுக்கு இன்டொமிட்டபிள் என்றுதான் முதலில் குறித்திருந்தார்கள். பழைய பெயரை விடாதே என்று பொதுமக்கள் கிளம்பி மாற்றவைத்தார்கள்.

இந்தப் பெயர்ப்பற்றுக்குக் காரணம் வெறும் உணர்ச்சி மட்டுமில்லை. பெயரோடு ஒரு சொத்தும் வருகிறது. ஒரு பெயரில் ஓடிய எல்லாக் கப்பல்களும் வென்ற சண்டைகளை, புதுக் கப்பல் ஒரு பலகையில் செதுக்கிக் காட்டிக்கொள்ளலாம். எந்தச் சண்டை சேரும், எது சேராது என்று 1954இல் ஒழுங்காக விதி வகுத்தார்கள். ஹெர்மீஸின் பலகையில் துடுப்புச்சக்கரக் கப்பலின் ‘பர்மா 1852’ உண்டு. 1919இன் கப்பல் சம்பாதித்த ‘அட்லாண்டிக் 1940’ உண்டு. கடைசியாக ‘போக்லாந்துத் தீவுகள் 1982’.

மட்டக்களப்பு இல்லை. இலங்கையும் இல்லை, 1942உம் இல்லை. விதியில் தெளிவாக இருக்கிறது: பிரித்தானியத் தோல்விக்கு இடம் கிடையாது.

இதைப் படித்தபோது நான் லண்டனில் வேலை செய்துகொண்டிருந்தேன். சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகக் கணினியில் படித்துவிட்டு, கொஞ்ச நேரம் கறிபணிஸைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். 307 பேர். கல்லறை கிடைக்காதவர்களின் பெயர்கள் பிளிமத்திலும் மற்ற துறைமுகங்களிலும் உள்ள நினைவுக் கற்களில் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் எந்தப் பெயரின் மேல் நின்று செத்தார்களோ, அந்தப் பெயரின் கணக்குப் புத்தகத்தில் அந்த நாள் இல்லை. எங்கள் ஊரிலோ தலைகீழ். பர்மாவும் தெரியாது, அட்லாண்டிக்கும் தெரியாது. ஹெர்மீஸ் என்றால் அந்த ஒரு காலை மட்டும்தான். இரண்டு கணக்கில் எது சரி என்று என்னைக் கேட்டால் நான் ஊர்ப்பக்கம். அது என் குறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போக்லாந்து ஹெர்மீஸ் 1984இல் ஓய்வுபெற்றது. 1986இல் இந்தியா அதை வாங்கியது. இரும்பு வந்தது, எந்திரங்கள் வந்தன, விமானத்தளம் வந்தது, பெயர் வரவில்லை. 1987 மே 12 அன்று ஐஎன்எஸ் விராட் என்று புதுப்பெயர் சூட்டி முப்பது ஆண்டு ஓட்டினார்கள். 2017 மார்ச்சில் மும்பையில் கொடி இறக்கினார்கள். அருங்காட்சியகம் ஆக்கலாம் என்று பலர் பேசினார்கள், பணம் யாரும் போடவில்லை. 2020இல் குஜராத்தின் அலங் கரைக்கு இழுத்துப்போய் உடைத்தார்கள். இரும்புக்கும் பெயருக்கும் உறவு இவ்வளவுதான் என்று தோன்றியது. ஆனால் இந்தியாவும் இந்தப் பழக்கத்தைப் பிரித்தானியரிடமிருந்து கப்பலோடு சேர்த்து வாங்கிக்கொண்டதுதான் வேடிக்கை. 1961இன் விக்ராந்த் போய் 2022இல் புதிய விக்ராந்த் வந்தது. 1948இல் வாங்கிய டெல்லி போய் 1997இல் இன்னொரு டெல்லி.

அந்த 1948 டெல்லியின் பழைய பெயர் அக்கிலீஸ். 1939இல் பிளேட் ஆற்றுச் சண்டையில் ஜெர்மானியரின் கிராஃப் ஸ்பே என்ற போர்க்கப்பலை விரட்டிய மூன்று கப்பல்களில் ஒன்று. அந்தச் சண்டையைப் பற்றிப் படம் எடுத்தபோது, இந்தியக் கடற்படையிலிருந்த டெல்லியே வந்து தன் பழைய வேடத்தில் தானே நடித்துக் கொடுத்தது. 2025 ஜனவரியில் பிரித்தானியா, கட்டிக்கொண்டிருக்கும் ஒரு நீர்மூழ்கிக்கு வைத்திருந்த அஜின்கோர்ட் என்ற பெயரை நீக்கி அக்கிலீஸ் ஆக்கியது. பிரெஞ்சுக்காரரை நூற்றாண்டுகளுக்கு முன் அடித்த இடத்தின் பெயர் நண்பர்களுக்கு நன்றாயிருக்காது என்ற பேச்சு அடிபட்டது. பெயர் வைப்பதில் மரபு பேசுவார்கள், அரசியல் வந்தால் மரபு ஒதுங்கி நிற்கும். நம் ஊர்த் தெருப் பெயர்களில் பார்க்காததா.

இங்கிலாந்தில் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்று ஒரு துறைமுகம். அங்கே ஒரு பழைய பாய்மரப் போர்க்கப்பல் நீரில் மிதக்கிறது என்று ஒரு சனிக்கிழமை மனைவியையும் மகனையும் இழுத்துக்கொண்டு போனேன். பெயர் ட்ரிங்கோமாலி. எங்கள் திருகோணமலைதான், வெள்ளைக்காரன் வாயில். முகப்பில் தலைப்பாகை கட்டிய மரச் சிற்பம். பம்பாயில் வாடியா குடும்பத்தின் கட்டுதளத்தில், மலபார் தேக்கில் செய்து 1817இல் இறக்கியது. இங்கிலாந்திலிருந்து அனுப்பிய வரைபடம் ஏறிவந்த ஜாவா என்ற கப்பலை 1812இல் அமெரிக்கர்கள் அழித்துவிட்டதால், மறுபடி வரைந்து அனுப்ப வேண்டியிருந்ததாம். இதற்கு முன்னும் ஒரு திருகோணமலை இருந்தது. 1799இல் பாப்-எல்-மண்டெப் நீரிணையில் பிரெஞ்சுக் கப்பலோடு சண்டையிட்டு வெடித்தது.

நான் தேக்குப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குளிர்காலம். மரம் குளிரவில்லை, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. ஊர்ப் பெட்டகத்தின் மூடியைத் தொடுவதுபோல இருந்தது. அங்கே வேலை செய்த முதியவர் ஒருவர், இந்தக் கப்பல் நெடுங்காலம் இந்தப் பெயரிலேயே இல்லை என்றார். நெல்சனின் பழைய தலைமைக் கப்பலான ஃபூத்ராயன் 1897இல் பிளாக்பூல் கரையில் புயலில் உடைந்துவிட்டது. அதன் சொந்தக்காரர் ஈடாக இந்தத் திருகோணமலையை வாங்கி, 1903இல் ஃபூத்ராயன் என்று பெயர் மாற்றி, பையன்களுக்குப் பயிற்சிக் கப்பலாக விட்டார். அந்தப் பெயரும் முதலில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1758இல் பிடித்த கப்பலோடு வந்ததுதான். இந்தியத் தேக்கு, எங்கள் ஊரின் பெயர், அதன்மேல் 89 ஆண்டு பிரெஞ்சுப் பெயர். 1992இல்தான் பழைய பெயர் திரும்பி வந்தது.

“எங்கட பேரைத் திருப்பித் தந்திட்டாங்கள்” என்றேன் மகனிடம். அவன் பீரங்கியின் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அம்மப்பாவின் பெயர்.

மூன்று வருடங்களுக்கு முன் ஊருக்குப் போனபோது ஒரு தம்பியின் படகில் விடியப்புறம் கடலுக்குப் போனேன். “கப்பலடிக்குப் போவமா அண்ணன்?” என்று கேட்டவன் அவன்தான். கரையிலிருந்து வெகுதூரமில்லை. கையிலிருந்த ஜிபிஎஸ் கருவியைப் பார்த்து இயந்திரத்தை நிறுத்தினான். சுற்றிலும் வெறும் கடல். மற்றத் தண்ணீருக்கும் இந்தத் தண்ணீருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கீழே ஐம்பது மீட்டருக்கும் கூடிய ஆழத்தில் கப்பல் பக்கவாட்டில் சரிந்து கிடக்கிறது. பாரையும் களவாயும் அதற்குள்தான் குடியிருக்கின்றன என்றான்.

நான் கதையைச் சொன்னேன். ஒல்லாந்தனின் மெர்குரியிலிருந்து அலங் கரை வரைக்கும் சொன்னேன். அவன் தங்கூசியில் ஈயத்தைக் கட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“அப்ப இங்கிலாந்துல இப்ப இந்தப் பேருல கப்பல் ஓடுதா?”

“இல்ல தம்பி. 84க்குப் பிறகு ஒருத்தருக்கும் வைக்கல்ல.”

“இந்தியாவுல இருந்ததையும் உடைச்சிட்டாங்க.”

“ஓம்.”

“அப்ப இது மட்டுந்தான் ஹெர்மீஸ்” என்றுவிட்டுத் தங்கூசியை இறக்கினான். அது போய்க்கொண்டே இருந்தது. ஈயம் எதிலோ தட்டியதை விரலால் உணர்ந்து, இரண்டு முழம் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டான். கீழே விட்டால் இரும்பில் சிக்கிவிடும், அறுக்கத்தான் வேண்டிவரும் என்றான்.